"இதுக்கு மேல பிரிக்கத் துணி இல்லம்மா!"

திருச்சி உறையூரில் அந்த டெய்லர் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. ஒரு தையல் மெஷின், ஒரு ஸ்டூல், சுவரில் ஒரு சாமி படம், அவ்வளவுதான். நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு இன்னும் பத்தே நாள். அரக்குப் பட்டுச் சேலையின் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனார் அவர். வாங்கி உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்த டெய்லர், கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்.

"இதுக்கு மேல பிரிக்கத் துணி இல்லம்மா."

ஜாக்கெட் தைக்கும்போது பக்கவாட்டில் கொஞ்சம் துணியை உள்ளே விட்டு, இரண்டு மூன்று தையல் போட்டு வைப்பது வழக்கம். உடம்பு பெருத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். அந்த ஜாக்கெட் ஒன்பது வருடத்துக்கு முன்னால் தங்கை கல்யாணத்துக்காகத் தைத்தது. முதல் தையலைப் பிரித்தது மகளின் மஞ்சள் நீராட்டுக்கு. இரண்டாவது, அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு. மூன்றாவது எதற்கு என்று அவருக்கே ஞாபகம் இல்லை. பிரித்த இடங்களில் ஊசி போன தடம் மட்டும் பட்டின் மேல் மூன்று கோடுகளாகத் தெரிந்தது.

வயது 47. உயரம் 155 சென்டிமீட்டர். எடை 76 கிலோ. ஒன்பது வருடத்துக்கு முன்னால் 67. ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் நாற்காலி வேலை. வீட்டில் கணவர், மாமியார், கல்லூரியில் படிக்கும் மகள், பிளஸ் டூ மகன்.

கல்யாணத்துக்கு வேறு சேலை கட்டிக்கொண்டார். அதோடு மறந்தும் போயிருப்பார். ஆனால் கல்யாணம் முடிந்த மறுநாள், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த உறவினர்கள் மலைக்கோட்டைக்குக் கிளம்பினார்கள். அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், நடுவில் தாயுமானவர், மேலே உச்சிப் பிள்ளையார். எல்லாமாக நானூறு படிகளுக்கு மேல். சின்ன வயதில் தோழிகளோடு பந்தயம் கட்டி ஏறிய படிகள் அவை. இந்த முறை தாயுமானவர் சன்னதி வருவதற்குள்ளேயே மூச்சு இரைத்தது. முட்டி இரண்டும் கெஞ்சின. "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்று ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் கையில் பத்துப் பதினைந்து ஜோடி செருப்புக்கான டோக்கன்களைக் கொடுத்துவிட்டு எல்லோரும் மேலே போனார்கள். 74 வயது மாமியாரும் மெல்ல மெல்லப் படியேறிப் போனார்.

அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை. தைராய்டு சரியாக இருந்தது. மூன்று மாதச் சர்க்கரை சராசரி என்று சொல்லப்படும் ஹெச்பிஏ1சி 6.2. 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். "வாசல்ல நிக்கிறீங்க. உள்ள போறதும் திரும்பி வர்றதும் உங்க கையிலதான் இருக்கு" என்றார் டாக்டர்.

இந்தியாவில் இப்படி வாசலில் நிற்பவர்கள் சுமார் 13.6 கோடிப் பேர், உள்ளே போய்விட்டவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர் என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் அவருக்கு அந்தக் கோடிக் கணக்கெல்லாம் மனதில் ஓடவில்லை. அம்மாவின் கால்தான் ஓடியது. இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் ஆறாத புண்ணால் இடது காலில் ஒரு விரலை எடுக்க வேண்டியிருந்தது. அன்றிரவு தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்து, தன் கால் விரல்களைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

எடை குறைப்பது அவருக்குப் புதிதும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ராத்திரிக்கு வெறும் கஞ்சி, காலையில் ஏதோ ஒரு பவுடர் கலந்த பானம் என்று இருபது நாள் இருந்தார். நான்கு கிலோ குறைந்தது. கூடவே கொத்துக் கொத்தாக முடியும் கொட்டியது. யார் பேசினாலும் எரிச்சல். இருபத்தோராவது நாள் மகனுக்குச் சுட்ட நெய் தோசையில் விரதம் முடிந்தது. மூன்றே மாதத்தில் போன நான்கோடு இன்னொரு கிலோவும் சேர்ந்து வந்துவிட்டது.

இந்த முறை மகள்தான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினாள்.

"அம்மா, உனக்கு ஒன்பது வருஷத்துல ஒன்பது கிலோ ஏறியிருக்கு. வருஷத்துக்கு ஒரு கிலோ. ஒரு கிலோ கொழுப்புன்னா ஏறக்குறைய 7,700 கலோரி. அதை 365-ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 21 கலோரி. ஒரு டீஸ்பூன் சர்க்கரையில 20 கலோரி இருக்கு. அப்ப நீ ஒண்ணும் பெருசா தப்புப் பண்ணல. தினமும் ஒரு ஸ்பூன் சர்க்கரை அளவுக்குத்தான் கூடுதலா சாப்பிட்டிருக்க."

உடம்பு ஒன்றும் மளிகைக் கடைக் கணக்குப் புத்தகம் மாதிரி அவ்வளவு துல்லியமாக நடந்துகொள்ளாது. எடை ஏற ஏற உடம்பின் தேவையும் மாறும். ஆனாலும் அந்த ஒரு ஸ்பூன் கணக்கு அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஸ்பூன் ஸ்பூனாக ஏறியது என்றால் ஸ்பூன் ஸ்பூனாக இறக்கலாம்தானே?

பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே இதையும் எழுத ஆரம்பித்தார். ஒரே ஒரு விதிதான். இரண்டு வாரத்துக்கு ஒரு மாற்றம். அது பழகின பிறகுதான் அடுத்தது.

முதலில் காபி, டீ. ஒரு நாளைக்கு நான்கு டம்ளர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. மொத்தம் எட்டு ஸ்பூன் என்றால் 40 கிராம், 160 கலோரி. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. இனிப்பைத் தொடாமலே அவர் அந்த அளவைத் தாண்டிக்கொண்டிருந்தார். முதல் வாரம் ஒன்றரை ஸ்பூன், அப்புறம் ஒன்று, அப்புறம் அரை. நாக்கு பழகுவதற்கு ஒரு மாதம் ஆனது. நான்கு டம்ளர் மூன்றானது.

இரண்டாவது மாற்றம்தான் கஷ்டமாக இருந்தது. அது மீந்த சாப்பாடு.

காலையில் எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுவதுதான் அவருடைய இத்தனை வருடப் பழக்கம். மகன் பாதியில் வைத்த தோசை, ஹாட்பாக்ஸில் கிடக்கும் இரண்டு இட்லி, மகள் தொடாத உப்புமா. "தூக்கிப் போடவா முடியும்?" என்று வாயில் போட்டுக்கொள்வார். பசிக்குச் சாப்பிட்டதா, பாத்திரம் காலியாக வேண்டும் என்று சாப்பிட்டதா என்று அவரே ஒருநாளும் யோசித்ததில்லை. ராத்திரியும் அப்படித்தான். மீந்த சோற்றில் மோரை ஊற்றி, அதற்குத் தொட்டுக்கொள்ள மீந்த வறுவலையும் முடித்துவிட்டுத்தான் பாத்திரம் கழுவப் போவார்.

இரண்டு வேலை செய்தார். சோற்றுக்கு வைக்கும் அரிசியில் அரை ஆழாக்கைக் குறைத்தார். இட்லியை எத்தனை வேண்டும் என்று கேட்டுவிட்டு ஊற்றினார். அப்புறம், தனக்கும் ஒரு தட்டு எடுத்துவைத்து எல்லோரோடும் உட்கார்ந்தார்.

முதல் நாள் மாமியார் முகம் சரியில்லை. "எல்லாரும் உக்காந்துட்டா யாரும்மா பரிமாறுறது?" என்றார். "நடுவுல வச்சிட்டேன் அத்தை, அவங்கவங்க எடுத்துக்கட்டும்" என்றார் இவர். சொல்லிவிட்டாரே தவிர, சோறு தொண்டையில் இறங்கவில்லை. ஒரு வாரம் வீட்டில் பேச்சே குறைந்துபோனது. பிறகு ஒருநாள் ராத்திரி, சட்னி தாளித்துக்கொண்டிருந்தவரை மாமியாரே கூப்பிட்டார். "அது கெடக்கட்டும், நீயும் வந்து உக்காரு. ஆறிப்போவுது பாரு." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எங்க காலத்துல நான் உக்காந்ததே இல்ல" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வதென்று இவருக்குத் தெரியவில்லை. மாமியார் தட்டில் இன்னும் கொஞ்சம் கீரையை வைத்தார்.

தட்டு ஒன்று தனியாக வந்த பிறகுதான், எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதே கண்ணுக்குத் தெரிந்தது. தட்டில் பாதி காய், கீரை. அந்த ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது. மீதிப் பாதியில் சோறும் பருப்பும், அல்லது சோறும் முட்டையும். முதலில் பொரியலும் கூட்டும், அப்புறம்தான் சோறு. சாம்பாருக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு என்று மூன்று தடவை போட்டுக்கொண்டது மாறி, ஒரே தடவை போட்ட சோற்றை மூன்றாகப் பிரித்துக்கொண்டார். சாயங்கால மிக்சர் டப்பாவின் இடத்துக்குச் சுண்டல் வந்தது.

எண்ணெயை அளக்க அவர் கரண்டி எதையும் வாங்கவில்லை. மாதம் ஐந்து லிட்டர் வாங்கிய வீட்டில் மூன்றரை லிட்டர் வாங்கினார். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் 45 கலோரி இருக்கிறது. குறைத்ததை மாமியாரைத் தவிர யாரும் கண்டுபிடிக்கவில்லை.

எதையும் அடியோடு விடவும் இல்லை. தீபாவளிக்கு அதிரசம் சாப்பிட்டார், இரண்டு. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி உண்டு, ஒரு தட்டு. மறுநாள் அதற்குத் தண்டனையாகப் பட்டினி கிடக்கவில்லை. போன தடவை தோற்றதே அந்தத் தண்டனையில்தான் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

உடற்பயிற்சிக்கு ஜிம்முக்குப் போக நேரமும் இல்லை, கூச்சமும் விடவில்லை. இருந்தது ஒரு மொட்டை மாடி. காலையில் துணி காயப்போடப் போகும்போது பத்து நிமிடம் நடந்தார். முதல் வாரம் அவ்வளவுதான். பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினார். மார்கழியில் தூரத்துக் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு கேட்கும் நேரத்தில் அரை மணி நேரம் நடக்க முடிந்தது. வாரத்துக்கு ஐந்து நாள் அரை மணி என்றால் 150 நிமிடம். பெரியவர்களுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதே கணக்குதான். மழை நாளில் ஹாலிலேயே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தார். மகன் சிரித்தான். சிரித்துக்கொண்டே சோபாவை ஓரமாகத் தள்ளியும் கொடுத்தான்.

நடப்பது மட்டும் போதாது, தசைகளுக்கும் வேலை வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு ராத்திரி சீரியலின் விளம்பர இடைவேளைகள் உதவின. கை வைத்துக்கொள்ளாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாக உட்கார்வது. முதல் நாள் ஐந்து தடவை செய்வதற்குள் தொடை நடுங்கியது. சுவரில் இரண்டு கையையும் ஊன்றிச் சாய்ந்து நிமிர்வது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கைக்கு ஒன்றாக எடுத்துத் தூக்குவது. வாரம் இரண்டு மூன்று நாள் இது நடந்தது. முட்டி வலி குறைந்த பிறகு, நாற்காலியைப் பின்னால் ஒரு தைரியத்துக்கு வைத்துக்கொண்டு தோப்புக்கரணம் போட ஆரம்பித்தார்.

தை மாதம் எடை 72.5. நான்கு மாதத்தில் மூன்றரைக் கிலோ.

அதோடு நின்றுவிட்டது. மாசி போனது, பங்குனியும் பாதி போனது. அதே சாப்பாடு, அதே நடை, ஆனால் முள் அசையவில்லை. ஒருநாள் காலை 73.2 காட்டியது. அன்றைக்கு நடக்கப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. "என் உடம்பு வாகே இப்படித்தான்" என்று மகளிடம் சொல்லிவிட்டு, டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டார். பாதி குடிப்பதற்குள் தித்திப்பு திகட்டி, மீதியைக் கீழே கொட்டினார்.

இப்படி நிற்பது வழக்கம்தான். எடை குறைந்த உடம்பை நடத்துவதற்கு முன்பைவிடக் குறைந்த சக்தியே போதும். அதனால் ஆரம்பத்தில் பலன் தந்த அதே அளவு, பிறகு சமநிலைக்கு வந்துவிடுகிறது. உப்பு, தண்ணீர், மாதவிலக்கு இவற்றாலேயே ஒரு நாளைக்கும் இன்னொரு நாளைக்கும் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கலாம்.

முள் நிற்பதால் பலனும் நின்றுவிட்டது என்று ஆகாது. இதற்குச் சென்னையிலேயே ஒரு நல்ல சாட்சி உண்டு. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. நடை, உணவுக் கட்டுப்பாடு என்று வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் அபாயம் 28.5 சதவிகிதம் குறைந்திருந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடையில் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றமே இல்லை.

அவர் வீட்டில் சாட்சி சொன்னது ஒரு அளவு நாடா. மூன்றாவது நாள் மகள் நாடாவை எடுத்து இடுப்பை அளந்தாள். ஆரம்பித்தபோது 98 சென்டிமீட்டர். இப்போது 93. "முள்ளு நின்னா நிக்கட்டும், இடுப்பு எறங்கியிருக்கு பாரு" என்றாள். இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது என்கிறார்கள். அதற்கு இன்னும் தூரம் இருந்தது. ஆனால் ஐந்து சென்டிமீட்டர் என்பது கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய நீளம். மகள் நாடாவில் அந்த ஐந்தை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினாள்.

மறுநாள் மாடிக்குப் போனார். எடை மெஷின் கட்டிலுக்கு அடியில் போனது. மாதம் ஒரு தடவை, ஒன்றாம் தேதி காலையில் மட்டும்தான் அது வெளியே வரும் என்று முடிவானது. நடையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம் வேகம் கூட்டினார். மாடிப்படியை இரண்டு தடவை கூடுதலாக ஏறி இறங்கினார். சாப்பாட்டில் மட்டும் இன்னும் குறைக்கவில்லை. சித்திரையில் முள் மறுபடி அசைந்தது.

சில மாதம் அரைக் கிலோ, சில மாதம் ஒன்றுமே இல்லை. ஆடியில் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் நடக்கவில்லை. உறவில் ஒரு வளைகாப்பு, பள்ளியில் ஆண்டு விழா என்று காலண்டரில் எழுதாமல் விட்ட நாட்களும் நிறைய. விட்ட இடத்தில் மறுபடி பிடித்துக்கொண்டார். பதினான்கு மாதம் கழித்து, கார்த்திகை ஒன்றாம் தேதி எடை 68 கிலோ. இடுப்பு 88. ஹெச்பிஏ1சி 5.8. வாசலிலிருந்து முழுதாக இறங்கிவிடவில்லை, கடைசிப் படியில் நிற்கிறார். "இப்படியே போங்க, ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார் டாக்டர். ஏற்கெனவே சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டையோ மாத்திரையையோ தாங்களாகக் குறைத்துவிடக் கூடாது என்பதையும் அவர்தான் பக்கத்திலிருந்த கணவருக்குச் சேர்த்துச் சொன்னார். கணவருக்குப் பிரஷர் உண்டு. அவரும் இப்போது மாடியில் நடக்கிறார், போன் பேசிக்கொண்டே.

அந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்கோட்டைக்குப் போனார்கள். முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்கு உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முட்டியில் இறங்கும் பாரம் சுமார் நான்கு கிலோ குறையும் என்று ஓர் ஆய்வு உண்டு. எட்டு கிலோவுக்கு 32 கிலோ. ஒரு சிப்பம் அரிசியைவிட அதிகம். அதை இத்தனை நாளும் அந்த முட்டிகள்தான் சுமந்திருக்கின்றன.

தாயுமானவர் சன்னதியில் ஒரு முறை நின்றார். அதற்கு மேல் இரண்டு முறை. மூச்சு வாங்கியது, ஆனால் இரைக்கவில்லை. உச்சிப் பிள்ளையார் முன்னால் மூன்று தோப்புக்கரணம் போட்டார், எதையும் பிடித்துக்கொள்ளாமல். வெளியே வந்து நின்றபோது காவிரியும் அதற்கு அப்பால் ஸ்ரீரங்கம் கோபுரமும் தெரிந்தன. மாமியார் இந்த முறை வரவில்லை. செருப்பை அவரிடம்தான் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். கீழே இறங்கியதும், "மேல காத்து நல்லா வந்துதா?" என்று கேட்டார்.

தை மாதம் கொழுந்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். அரக்குப் பட்டை எடுத்துப் பார்த்தார். ஜாக்கெட் தொளதொளவென்று இருந்தது. மறுபடி மாடிப்படிக்குக் கீழே உள்ள அந்தக் கடை. டெய்லர் நாடாவை வைத்து அளந்தார். எழுதி வைத்திருந்த பழைய அளவைப் பார்த்தார். இன்னொரு தரம் அளந்தார்.

"பிரிச்சுத்தான் குடுத்திருக்கேன், இத்தன வருஷத்துல திரும்பப் பிடிக்கச் சொல்லி யாரும் வந்ததில்லம்மா" என்று சிரித்தார். "மூணு தையலையும் போட்டுரலாம் போல இருக்கே, போட்டுரட்டுமா?"

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பட்டின் மேல் அந்த மூன்று கோடுகளும் அப்படியே இருந்தன.

"ரெண்டு போதும்ணே. மூச்சு விட இடம் வேணும்ல."